ஒரு கீரைக்கு மூன்று பெயர்: எங்கள் ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதிய அனுபவம்

எங்கள் ஊர் ஆனேக்கல் தாலுகாவில், பன்னேர்கட்டா காட்டை ஒட்டி இருக்கிறது. பெங்களூர் நகர மாவட்டத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் தமிழ்நாட்டு எல்லை பக்கம் என்பதால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். எங்கள் குடும்பம் இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. கிராம பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை மாற்றியமைத்தபோது, தமிழ், கன்னடம் இரண்டிலும் எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னையும் அதில் சேர்த்தார்கள். 2004ஆம் ஆண்டின் விதிகளின்படி தலைவரையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட குழு அது. மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எங்கள் குழுவில் மூன்று பெண்கள் இருந்தார்கள். வேலையைச் செய்து முடித்தவர்கள் அவர்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரின் பயிர், மரம், உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்ததையும் குறித்து வைக்கும் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதுவதுதான் இந்தக் குழுவின் முக்கிய வேலை. முதல் கூட்டத்தில் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி இப்படியொரு பதிவேடு இருக்க வேண்டும். 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்ததால் நாடு முழுவதும் பதிவேடுகள் அவசர அவசரமாகத் தயாராயின. எங்களுடையதும் அந்த அவசரத்தில் பிறந்ததுதான். யாரோ ஒப்பந்தம் எடுத்து, ஊரில் ஒருவரையும் பார்க்காமல், வேறெங்கோ கடலோரப் பஞ்சாயத்தின் பதிவேட்டைப் படியெடுத்து எங்கள் பெயரை மேலே போட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஏரிக்கரையில் அலையாத்தி மரம் இருப்பதாக அதில் கண்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருத்தி மாளாது, புதிதாகவே எழுதுவோம் என்று முடிவாயிற்று.

ஊரை ஏரி, குண்டுதோப்பு, ராகி நிலம், காட்டோரம் என்று நான்காகப் பிரித்துக்கொண்டோம். குண்டுதோப்பு என்பது நாவலும் புளியும் மாவும் பலாவுமாக ஊர்ப் பொதுவில் நிற்கும் பழைய தோப்பு. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு காலத்தில் ஊருக்கொன்று இருந்தது. தேவனஹள்ளிப் பக்கத்து நல்லூர்ப் புளியந்தோப்பு 2007இல் இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டதை எங்கள் தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டுவார். எங்கள் தோப்பு அவ்வளவு பெரியதன்று. மரங்களை எண்ண ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

சிக்கல் ராகி நிலத்தில்தான் தொடங்கியது. பதிவேட்டுக்கான படிவம் ஒவ்வொரு பயிரையும் தனித்தனி வரிசையில் கேட்கிறது. இங்கேயோ ராகிக்கு நடுவே அவரை, துவரை, உச்செள்ளு, ஆமணக்கு என்று சால் விட்டு விதைப்பார்கள். அதற்கு அக்கடி சாலு என்று பெயர். எது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் அங்கே அறிவு. அதைத் துண்டு துண்டாக வெட்டிப் படிவத்தில் நிரப்ப மனம் ஒப்பாமல், ஒரு முழு நிலத்தையே வரைபடமாகத் தனித்தாளில் வரைந்து இணைத்தோம்.

கீரைக்காக ஒரு நாள் ஒதுக்கினோம். மழைக்குப் பிறகு ராகிப் பயிருக்கிடையே தானாக முளைப்பவற்றைக் கிள்ளி ஒன்றாகச் சேர்த்துக் கடைவார்கள். கன்னடத்தில் பெரக்கெ சொப்பு என்பார்கள். மடியில் கிள்ளிப்போட்டுக்கொண்டே போன அக்காமார்களுக்குப் பின்னால் நான் தாளும் பேனாவுமாக நடந்தேன். ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேட்டேன். கன்னடக்காரர் "அண்ணெ சொப்பு" என்றார். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி "பண்ணைக்கீரை" என்றார். தெலுங்கு பேசும் அக்கா மூன்றாவதாக ஒரு பெயர் சொன்னார். "பேரை விடு தம்பி, பூ விட்ட பிறகு கிள்ளினா கசக்கும், அதை எழுது முதல்ல" என்றார் பாட்டி. எழுதினேன், ஆனால் உள்ளூர்ப் பெயருக்குப் படிவத்தில் ஒரே ஒரு சிறு கட்டம்தான் இருந்தது.

அன்று மாலை பெயர்களை எதிரெதிரே எழுதிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. தமிழில் புங்கு கன்னடத்தில் ஹொங்கெ, புளி ஹுணிசெ, பொன்னாங்கண்ணி ஹொனகொன்னெ, பிதுக்குப் பருப்பு (தோல் பிதுக்கிய அவரைப் பருப்பு) ஹிதக்கிட பேளெ. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது மொழியறிஞர்களுக்குப் பழைய செய்தி. எங்கள் குழுவுக்கோ அது அன்றைக்குப் புதிய விளையாட்டு. கட்டத்தை அளவுகோல் வைத்து மூன்றாகக் கோடு கிழித்து, எல்லாப் பெயரையும் சேர்த்தோம். செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து உலர்த்திக் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் காட்டித்தான் அறிவியல் பெயரை நிரப்பினோம். பண்ணைக்கீரை செலோசியா அர்ஜென்டியா என்று தெரிந்தது.

எல்லாவற்றையும் எழுதவும் இல்லை. மஞ்சள்காமாலைக்கு மருந்து தரும் பெரியவர் தம் பச்சிலையைச் சொல்ல மறுத்துவிட்டார். அவர் வைத்தியர் என்பதை மட்டும் பதிந்து மற்றதை விட்டுவிட்டோம். கன்னடத்தில் காடுபாப்ப என்று செல்லமாக அழைக்கப்படும் தேவாங்கு எந்த மரத்தில் தங்குகிறது என்பதையும் எழுதவில்லை. மாந்திரீகத்துக்காக அதைப் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பதிவேட்டை ஊர் கூடிப் படிக்க, பன்னாட்டுப் பல்லுயிர் நாள் என்பதால் மே 22ஐக் குறித்தார் பஞ்சாயத்து வளர்ச்சி அலுவலர். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மே மாத நிலத்தில் காட்ட என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயம்தான். ராகி அறுவடை முடிந்து, பனியில் அவரைக்காய்க்குச் சொகடு ஏறும் டிசம்பரில் குண்டுதோப்பில் கூடினோம். அந்த எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் சேர்த்துக் குறிக்கும் சொகடு என்ற சொல்லுக்குத் தமிழில் ஈடு கிடைக்காமல் பதிவேட்டிலும் அப்படியே விட்டிருக்கிறேன். பிதுக்குப் பருப்புச் சாறும் களியும் அடுப்பில் இருக்க, நான் ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். வாசிப்பு இருட்டும் வரை இழுத்தது. வரிக்கு வரி மறித்தார்கள். "அந்தப் பலா போன மாசமே சாஞ்சிடுச்சே" என்று ஒருவர் சொல்ல, அங்கேயே சிவப்பு மையால் அடித்தோம்.

கிராம சபை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஒரு படி பஞ்சாயத்து அலமாரியில், ஒரு படி பள்ளியில். வணிகத்துக்காக மூலிகை எடுப்பவரிடம் குழு கட்டணம் வசூலிக்கலாம் என்று சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. காட்டோரத்துக்கு வந்துபோகும் வியாபாரியிடம் எவ்வளவு கேட்பது என்பதில் மட்டும் ஏழு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.