ஸ்விஃப்டின் இரும்பு ரிம்மில் 185 டயர்: இடது பின்சக்கரம் ஒருவழியாக அடங்கியது

பதினோரு நாளாகக் காற்று இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் காற்றழுத்த கேஜை எடுத்துக்கொண்டு இடது பின்சக்கரத்திடம் போய் உட்காருவது இரண்டு மாதமாக வழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் 32 பிஎஸ்ஐ. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட், விஎக்ஸ்ஐ பெட்ரோல். கம்பெனி டயர் 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் விட்டம் 14 இன்ச். ரிம் 5 இன்ச் அகலம். வீடு ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினம் பக்கம். தார் ரோட்டை விட்டு இறங்கினால் தென்னந்தோப்புக்குள் மணல்பாதைதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மணல் சீனி மாதிரி உதிர்ந்து கிடக்கும். 165 டயர் அதில் கத்தி போல இறங்கிவிடும். சக்கரத்துக்கு அடியில் மட்டையைக் கொடுத்துத் தள்ளி வெளியே வந்த நாட்கள் நிறைய. பழைய டயர்கள் தேய்ந்ததும், இந்த முறை அகலமாகத்தான் போடுவது, ஆனால் ரிம்மை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். அலாய்க்கு ஆசை இல்லாமல் இல்லை. இந்த உப்புக்காற்றில் அதைக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கைதான் இல்லை.

185/70 ஆர்14, 195/65 ஆர்14 இரண்டில் எது என்று யோசித்தேன். மதுரையில் விசாரித்த ஒரு கடையில் 195-ஐயே தலையில் கட்டப் பார்த்தார்கள். "பார்க்க நல்லா இருக்கும் சார், எல்லாரும் இதான் போடுறாங்க" என்றார் கடைக்காரர். 195/65-க்குக் குறைந்தபட்சம் 5.5 இன்ச் ரிம் வேண்டும். 5 இன்ச்சில் ஏற்றினால் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும், வளைவில் வண்டி ஆடும். 185/70-க்கு 4.5 முதல் 6 வரை ஏற்கும். உயரக் கணக்கும் அதற்குச் சாதகம்தான். பழைய டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ., 185/70-க்கு 614.6, 195/65-க்கு 609.1. விட்டம் குறைவதில் பாதி அளவுக்கு வண்டி தாழும். மணலில் போகிற வண்டியை ஐந்து மி.மீ. தாழ்த்த எனக்கு மனசில்லை. 185-இல் இரண்டரை மி.மீ.தான் தாழும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 99 ஓடும். சுமைக் குறியீடும் 85-லிருந்து 88-க்கு ஏறுகிறது, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ தாங்கியது 560 ஆகிறது. தேங்காய் மூட்டை ஏற்றுகிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது உள்பக்க இடைவெளி. இதே வண்டியின் உயர் மாடலான இசட்எக்ஸ்ஐயில் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது, ஆகவே உடம்புக்குள் 185 அடங்கும். ஆனால் அது வேறு ரிம். என் ரிம்மில் டயர் உள்பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கும் என்று தெரிந்தாக வேண்டும். 165-க்கும் 185-க்கும் 20 மி.மீ. என்று எல்லோரும் கழிப்பார்கள், அது சரியில்லை. 165/80-இன் அகலம் 4.5 இன்ச் ரிம்மில் அளந்தது, 185/70-இன் அகலம் 5.5-இல் அளந்தது, அதுவும் பட்டியலில் 189 மி.மீ. ரிம் அரை இன்ச் மாறினால் டயர் அகலம் சுமார் 5 மி.மீ. மாறும். 5 இன்ச்சில் ஏற்றினால் பழையது 170-ஐ ஒட்டி வரும், புதியது 184. வித்தியாசம் 14 மி.மீ., பக்கத்துக்கு ஏழு.

சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டை வாங்கிக்கொண்டு வந்தேன். சக்கரத்துக்கும் அதன் உள்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் அதை அடைத்து, அழுத்தி, உடையாமல் வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்தேன். முன்பக்கம் இரண்டிலும் 20 மி.மீ.க்கு மேல் இருந்தது. பின்பக்கம் இன்னும் தாராளம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தேன், அதுவும் தேறியது. இரும்பு ஸ்கேலை நேராக நுழைத்தால் அது சாய்ந்து பொய் சொல்லும். மாவு அந்த இடத்தின் வடிவத்தை அப்படியே அச்சு எடுத்துக் கொடுக்கிறது.

வாங்கியது மதுரையில்தான், வேறு கடை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இந்த அளவு இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் 1122 என்று குத்தியிருந்தது. 2022-இன் பதினோராவது வாரம். அத்தனை நாள் வெயிலில் அடுக்கிக் கிடந்த ரப்பர் எனக்கு வேண்டாம். மதுரையில் கிடைத்தது 0825. அங்கேயே மாட்டி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடித்துக்கொண்டு வந்தேன்.

மணல் பாதையில் முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. காற்றை 22-க்கு இறக்கி இரண்டாவது கியரில் விட்டேன், நிற்காமல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. என் மச்சான் அந்தப் பாதையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறவன், நின்று பார்த்தான்.

நான்காம் நாள் இடது பின்சக்கரம் 26 காட்டியது. நிரப்பினேன். மறுபடி நான்கு நாளில் 26. இந்த ஊரில் காற்று இறங்கினால் யாரும் முதலில் சொல்வது சீமைக்கருவேல முள். ஒரு பஞ்சர் கடையில் முள்ளும் இருந்தது, பிடுங்கி அடைத்தார்கள். அதற்குப் பிறகும் இறங்கியது. கீழக்கரையில் ஒரு பாய்தான் சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் படுக்கப் போட்டுவிட்டு, பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ரிம்மின் உள்விளிம்பில் கடுகளவு குமிழ்கள் கோர்த்தாற்போல் வந்தன. "பஞ்சர் இல்ல தம்பி, உப்புக்காத்து ரிம்மத் தின்னுருச்சு" என்றார்.

டயரைப் பிரித்துப் பார்த்தபோது ரிம்மில் பீட், அதாவது டயரின் உள்விளிம்பு, உட்காரும் வளையத்தில் துரு செதில் செதிலாக நின்றது. பழைய டயர் இருந்தவரை அந்தத் துருவோடு ஒட்டிக்கிடந்து காற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. அதைப் பிய்த்து எடுத்தபோது பாதிச் செதில் கூடவே வந்திருக்கிறது, மீதி மேடும் பள்ளமுமாக நின்றிருக்கிறது. புது டயரை மாட்டிய கடையில் அந்த வளையத்தைத் துணியால்கூடத் துடைக்கவில்லை. இத்தனை செலவு செய்த வேலையில் இரண்டு நிமிடத் துடைப்பை மிச்சம் பிடித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் தடவை நானே கெடுத்தேன். கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடைத் தடிப்பாகப் பூசி, ஒரு ராத்திரி காயவைத்து மாட்டக் கொடுத்தேன். பீட் ஏறும்போதே பெயின்ட் சுருண்டிருக்கிறது. ஒரு வாரத்தில் 28.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. கம்பி பிரஷுக்குப் பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அதற்குப் பிறகு 220, விரலை ஓட்டினால் எங்கும் தட்டாத வரைக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரலுக்குத் தெரிகிற பள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே இடத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். தின்னர் போட்டுத் துடைத்து, அடியில் இருக்கும் உலோகம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு பூச்சு. மூன்று நாள் நிழலில் காய்ந்தது. வால்வையும் புதிதாக மாற்றினேன். மாட்டும்போது பாய் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு பீட் சீலரைத் தடவினார். அன்றைக்கு வைத்த 32தான் இது.

இன்னொரு விஷயம். தனுஷ்கோடி போய்வந்த பிறகு வண்டியைக் கழுவுவேன், அது சரி. ஆனால் எங்கள் போர் தண்ணீரே உப்பு. இத்தனை வருடம் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியிருக்கிறேன். இப்போது காவிரிக் குடிநீர் வரும் நாளில் இரண்டு வாளி எடுத்து வைத்து, சக்கரங்களுக்கு மட்டும் உள்பக்கமாக ஊற்றுகிறேன்.

மைலேஜ் எவ்வளவு குறைந்தது என்று நான்கு முறை டேங்க் நிரப்பிய பிறகு எழுதுகிறேன். வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கிறது, ஓட்டத்தில் தெரியவில்லை. மழை பிடித்ததும் ரோட்டில் தண்ணீர் நிற்கும் இடங்களில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அகல டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும், அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் போவேன். நாலாயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல காற்றடிக்கும் பம்பும் தேடுகிறேன். இறக்கின காற்றைத் திரும்ப ஏற்ற ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் பங்குக்குப் போக முடியாது.

மற்ற மூன்று ரிம்களும் இப்போதைக்குக் காற்றைப் பிடித்து நிற்கின்றன. ஆனால் அதே துரு அங்கேயும் இருக்கும், எனவே ஒவ்வொன்றாகக் கழற்றப் போகிறேன். ஸ்டெப்னி இன்னும் 165தான். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து, உப்புத்தாளும் கையுமாக முதலில் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.