பில்லில் ஏறாத விற்பனை

கடைகளின் பில் விவரங்களை ஆராய்வது என் தொழில். கம்ப்யூட்டர்களில் குவியும் ஏராளமான விவரங்கள், அதாவது பெருந்தரவு (big data), வியாபாரத்தில் என்ன புதுமையைக் கொண்டுவந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவைத் தாக்கிய ஃபிரான்சிஸ் புயலைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். அந்தப் புயல் புளோரிடாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, சில வாரங்களுக்கு முன் வீசிய சார்லி புயலின் சமயத்தில் மக்கள் எதையெல்லாம் வாங்கினார்கள் என்று வால்மார்ட் என்ற பெரிய சில்லறைக் கடை நிறுவனத்தார் பழைய விற்பனை விவரங்களை ஆராய்ந்தார்கள். ஸ்ட்ராபெரி பாப்டார்ட் என்னும் இனிப்புப் பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. புயலுக்கு முன் மிக அதிகமாகப் போன சரக்கு பீர். உடனே லாரிகளில் இவற்றை ஏற்றி அனுப்பினார்கள், பெரும்பகுதி விரைவிலேயே விற்றும் போயிற்று.

2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைக்கு, புயலுக்கு முன் மக்கள் எதை வாங்குவார்கள் என்ற கேள்வி அந்நியமானதல்ல. மழைக்கு முந்தைய நாள் வேளச்சேரியில் எந்தச் சரக்கு எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்ற விவரம் கடைக் கம்ப்யூட்டர்களிலேயே கிடக்கிறது. ஜிஎஸ்டி கணக்கு கொடுத்து முடித்த பிறகு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

திறந்து பார்ப்பவர்களும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு 40 பாக்கெட் விற்றதாகக் கணக்கு சொல்கிறது. அடுத்த வாரமும் 40 பாக்கெட்டே வரவழைக்கிறார்கள். ஒவ்வொரு பில்லிலும் உள்ள நேரத்தைப் பார்த்தால்தான், கடைசி பாக்கெட் காலை 9 மணிக்கே போய்விட்டது, கடையோ இரவு 10 மணி வரை திறந்திருந்தது என்பது தெரியும். இடைப்பட்ட நேரத்தில் வந்து கேட்டவர்களிடம் "மாவு தீர்ந்துடுச்சும்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பியது எந்தப் பில்லிலும் ஏறவில்லை. இல்லாத சரக்குக்குத் தேவையே இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுவது இப்படித்தான். பில் போடும் திரையில் "கேட்டார்கள், இல்லை" என்று ஒரு பொத்தானைச் சேர்ப்பது பெரிய வேலை அல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தாலும் போதும். புதிய சரக்கு, புதிய நேரம், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை என எதைத் தொடங்குவதென்றாலும் அதற்கான தடயம் அந்தப் பதிவில்தான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தரவு மிகுந்திருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. மக்கள் தேடும் சொற்களைக் கொண்டு காய்ச்சல் பரவலைக் கணிக்க கூகுள் 2008இல் தொடங்கிய திட்டம், 2012-13 குளிர்காலத்தில் உண்மை நிலையை வெகுவாக மிகைப்படுத்திக் காட்டியது. 2015இல் அதை நிறுத்திவிட்டார்கள். கடையில் நேரில் நிற்பவரிடம் கேட்டுச் சரிபார்க்காத எந்தக் கணிப்பையும் நான் ஏற்பதில்லை.

இப்போது தி.நகரில் ஒரு கைக்குட்டை வாங்கினாலும் செல்போன் எண்ணைக் கேட்கிறார்கள். எதற்காகத் திரட்டுகிறோம் என்பதைத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. மேலே சொன்ன மாவுக் கணக்குக்குச் சரக்கின் பெயர், அளவு, நேரம் ஆகிய மூன்றும் போதும். வாங்கியவர் யார் என்பதே தேவைப்படவில்லை.