90.4 நிலைய நாட்குறிப்பு: பிப்ரவரி 2025

பிப்ரவரி 1

2004-இல் இதே தேதியில்தான் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். ஒலிக்க ஆரம்பித்தது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி. அலைவரிசை 90.4. தெலங்கானாவின் மாச்னூர் கிராமத்தில் பெண்கள் 2008-இல் தொடங்கிய சங்கம் ரேடியோவும் 90.4, பாம்பனில் 2016-இல் வந்த கடல் ஓசையும் 90.4. எல்லாருக்கும் ஒரே எண்ணா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பது வழக்கம். ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சக்தி 100 வாட்டைத் தாண்டக்கூடாது, ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சமுதாய வானொலிக்கான விதி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அலை ஓய்ந்துவிடும். அதற்கு வெகுதூரம் தள்ளி இன்னொருவர் அதே எண்ணில் பேசினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அந்த 100 வாட்டையும் முழுதாக அடைகிற நிலையங்கள் குறைவு. டிரான்ஸ்மிட்டர் 50 வாட், கேபிள் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.ஜி. 213 கேபிளில் வழியிலேயே 2 டெசிபல் கரைந்து, உச்சிக்குப் போய்ச் சேர்வது 31 வாட் சொச்சம். அரை அங்குல ஃபோம் கேபிளில் இழப்பு 0.7 டெசிபல், 42 வாட் சேரும். கேபிளில் மிச்சம் பிடித்த காசு கடைசி இரண்டு மூன்று கிராமங்களைக் கொண்டுபோய்விடும்.

பிப்ரவரி 3

ரிஃப்ளெக்டட் பவர், அதாவது ஆன்டெனா பக்கமிருந்து டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வரும் சக்தி, காலையில் 1 வாட், மதியம் 5 வாட். அனுப்புவதில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. இது இன்னும் ஏறினால் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சக்தியைக் குறைக்கும். கேட்பவருக்கு அது "இன்னைக்கு ஸ்டேஷன் இழுக்கலியே" என்றுதான் தெரியும்.

கோளாறு உள்ளேயா வெளியேயா என்று முதலில் பிரிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்து, ஆன்டெனா கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கி வெப்பமாக்கும் கருவி) மாட்டிப் போட்டதும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. பழுது வெளியேதான். (ஆன்டெனாவும் டம்மி லோடும் இல்லாமல் ஒரு நொடிகூடப் போடக்கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.)

மேல் கனெக்டரைத் திறந்தால் செம்புப் பின்னல் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று ஊருக்கு இது புதிதல்ல. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை, ஏறக்குறைய ஒரு சாண், கேபிளை வெட்டிவிட்டுப் புது என்-கனெக்டர் போட வேண்டும். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துச் சுற்ற வேண்டும். சுற்றுவது கீழிருந்து மேலாக, ஓடு வேய்கிற மாதிரி. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைநீரை உள்ளே வாங்கும். போன தடவை சுற்றியது அப்படித்தான் இருந்தது. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவும் விட்டாயிற்று. நீர் அங்கே சொட்டிவிடும்.

பிப்ரவரி 5

அதிகாலை கடல்நிலை அறிவிப்பு. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் தரும் முன்னறிவிப்பை அப்படியே படிப்பதில் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, அலை உயரம். அறிக்கை 2 மீட்டர் என்று சொல்வது அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கை நெருங்கலாம். வெறுமனே "2 மீட்டர்" என்றால் வள்ளக்காரர் அதையே உச்சம் என்று எடுத்துக்கொள்வார். "இடையிடையே மூன்றரை, நாலு மீட்டர்வரை எழும்பலாம்" என்ற வரி கட்டாயம்.

இரண்டு, திசை. காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்வார்கள்; நீரோட்டம் எங்கே போகிறது என்று சொல்வார்கள். இரண்டுக்கும் "வடகிழக்கு" என்றே எழுதியிருந்தாலும் பொருள் நேர்மாறு. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. நீரோட்டத்துக்கு "இன்ன பக்கம் இழுக்குது" என்று வினையோடு சொல்ல வேண்டும்.

மூன்று, ஆழம். மீன் கூடும் இடங்களுக்கான அறிவிப்பில் ஆழம் மீட்டரில் இருக்கும். கடலில் கணக்கு பாகம். 1.83-ஆல் வகுத்தால் போதும். 36 மீட்டர் என்றால் ஏறக்குறைய 20 பாகம். செயற்கைக்கோள் பார்க்கும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துத்தான் அந்த இடங்களைக் கணிக்கிறார்கள். மேகம் மூடிய நாளில் அறிவிப்பு வராது. அன்று நேற்றையதைப் படித்து ஒப்பேற்றக்கூடாது. "இன்னைக்கு வரலை" என்று சொல்லிவிடுவதே நேர்மை.

பிப்ரவரி 7

நேயர் அழைப்பு நிகழ்ச்சியில் எதிரொலி. பேசுகிறவருக்கு அவர் குரலே திரும்பிப் போகிறது.

சிறிய மிக்ஸரில் இதற்கு வழி ஆக்ஸ் குமிழ். ஒவ்வொரு சேனலின் ஒலியிலும் எவ்வளவு ஆக்ஸ் அவுட் என்ற தனி வழியில் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மைக், பாட்டு, விளம்பரம் எல்லாவற்றின் ஆக்ஸும் திறந்திருக்க, போன் வரும் சேனலின் ஆக்ஸ் மட்டும் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஆக்ஸ் அவுட்தான் போனுக்குப் போகிறது. நேயர் தன்னைத் தவிர எல்லாரையும் கேட்பார். ஒலிபரப்பில் சேனலின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முந்தியதாக ஆக்ஸ் இருந்தால், ஒலிபரப்பில் சேர்க்கும் முன்பே அவர் நம்மைக் கேட்கலாம்.

ஆக்ஸை நேராகப் போனில் செருகினால் குரல் கரகரக்கும். மைக்குக்கான துளைக்கு அது நாற்பது டெசிபல் அதிகம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 100 ஓமும் போட்டால் சரியாக 40 குறையும். பிறகு 10 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர் ஒன்று, அதைத் தாண்டி மைக் முனைக்கும் தரைக்கும் நடுவே 2.2 கிலோ ஓம். இந்தக் கடைசி ரெசிஸ்டர் இல்லையென்றால் பல போன்கள் ஹெட்செட் மாட்டியதாகவே ஒத்துக்கொள்ளாது. மொத்தச் செலவு ஒரு டீக்குள்.

மீதி கோளாறு நேயர் வீட்டில். "அண்ணே, ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுட்டுப் பேசுங்க" என்பதை ஒலிபரப்பில் சொல்வதைவிட, வரிசையில் காத்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தகாத பேச்சை வெட்டுவதற்காக ஒலிபரப்பில் ஏழு நொடி தாமதம் வைத்திருக்கும் நிலையங்களில் இது இன்னும் முக்கியம். தன் பழைய வாக்கியம் காதில் விழுந்ததும் மனிதர் பேச்சை நிறுத்திவிடுவார்.

பிப்ரவரி 9

1995-இல் இதே நாளில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்றது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் வந்த தீர்ப்பு. சமுதாய வானொலி நடத்த 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்லத் தடை அப்படியே நிற்கிறது. ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான்.

ஆக, பேச்சு வானொலி எதைப் பேசுவது? மின்தடை, குடிநீர், வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு, திருவிழா, நோய்த்தடுப்பு ஆகியவை செய்தி ஆகா. மின்சாரம், நீர், பேரிடர் அறிவிப்புகளுக்கு உள்ளூர் நிர்வாகம் தந்த தகவலே ஆதாரமாக இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கோப்பில் வைக்கவும். "தண்ணி எப்ப வரும்?" என்பது அறிவிப்பு. "ஏன் வரலை?" என்று கேட்ட அடுத்த நொடி எல்லைக்கோடு. நேயருக்கு இந்த வேறுபாடு கிடையாது, இருக்கவும் வேண்டியதில்லை. நேரலையில் இருப்பவருக்குத்தான் அது கைவசமாக வேண்டும். இந்தத் தடை தேவையற்றது என்பதே இந்தக் குறிப்பேட்டின் கட்சி.

பிப்ரவரி 11

"ச", "ஸ" வரும் இடமெல்லாம் சீறல். மைக்கை மாற்றிப் பார்த்தும் போகவில்லை. ஒலியைச் சீராக்கும் பிராசசரில் பிரி-எம்ஃபசிஸ் (கீச்சு ஒலிகளை அனுப்பும் முன்பே தூக்கிவிடும் அமைப்பு) 75 மைக்ரோ நொடியில் இருந்தது. அது அமெரிக்க வழக்கம், இங்கே 50. மாற்றியதும் அடங்கியது. இறக்குமதிப் பெட்டியைத் திறந்தவுடன் பார்க்க வேண்டிய முதல் அமைப்பு இது.

பிப்ரவரி 13

உலக வானொலி நாள். போன ஆண்டு இதே நாளில், அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த சமுதாய வானொலி மாநாட்டில்தான் விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆனதும், அரசு விளம்பரத்துக்குப் பத்து நொடிக்கு 52 ரூபாய் 74 ஆனதும் அறிவிக்கப்பட்டன. மணிக்கு 72 பத்து நொடிகள், 5,328 ரூபாய். காகிதத்தில் நல்ல கணக்கு. அத்தனை விளம்பரம் எந்தச் சிற்றூரில் இருக்கிறது?

சென்னை மாகாண ரேடியோ கிளப்பும் காசில்லாமல்தான் மூடியது. 1924 ஜூலை 31-இல் 40 வாட்டோடு ஆரம்பித்து 1927-இல் நின்றது. கருவி மாநகராட்சிக்குப் போய், 1930-இல் மறுபடி ஒலித்தது. பேச்சு பலன் தந்ததற்குச் சான்று வேண்டுமானால் தஞ்சைப் பக்கம் கேட்கலாம். திருச்சி வானொலி 1960களில் சொல்லிச் சொல்லிப் பரவிய ஆடுதுறை 27 நெல் ரகத்துக்கு அங்கே பெயரே ரேடியோ நெல்.

பிப்ரவரி 16

ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் காக்க வேண்டும். வேவ் கோப்பாக, மோனோவில் வைத்தால் மணிக்கு 345 எம்.பி. 64 கிலோபிட் எம்பி3 என்றால் 29 எம்.பி. நாளுக்கு 16 மணி, 90 நாள்: 42 ஜி.பி. ஒரு பென்டிரைவில் அடங்கும். இரண்டில் வைக்கவும், ஒன்று வேறு கட்டடத்தில்.

ரிஃப்ளெக்டட் பவர் காலை 0.8, மாலை 0.8.