கட் யார் சொல்றது

"அக்கா, நீங்க கட் சொல்றதுக்கு முன்னாடியே உங்க கண்ணு கட் சொல்லிருது." சவுண்ட் பார்க்குற தம்பி ஹெட்போனை கழட்டிட்டு இதைச் சொன்னப்போ ராத்திரி பதினொரு மணி. திண்டிவனத்துல தெரிஞ்சவங்க வீட்டு சமையல்கட்டு, நான் அரிசி களைஞ்சுட்டே போன்ல ஒரு சாவு செய்தி கேக்குற சீன், ஆறாவது டேக். போட்டுப் பார்த்தா அவன் சொன்னது அப்படியே உண்மை, கை பாட்டுக்கு அரிசியைக் களையுது ஆனா கண்ணு லைட் சரியா விழுதான்னு பார்க்கப் போயிருச்சு. அழவேண்டிய பொம்பளை அங்க இல்ல, டைரக்டர்தான் நின்னுட்டு இருக்கா.

எனக்கு சோறு போடுறது சீரியல் டப்பிங். அதுல மிச்சம் பிடிச்சுதான் நானே நடிச்சு நானே டைரக்ட் பண்ற இந்தப் படம். முதல்ல கதையைத் தூக்கிட்டு ஒரு தயாரிப்பாளர்கிட்ட போனேன், பொறுமையா கேட்டுட்டு "கதை நல்லாருக்கும்மா, நீங்க நடிங்க, டைரக்‌ஷனுக்கு நம்ம பையன் ஒருத்தனைத் தர்றேன்"னாரு. 1931ல காளிதாஸ்ல ஹீரோயினா நடிச்ச டி.பி.ராஜலட்சுமி 1936லயே மிஸ் கமலாவை டைரக்ட் பண்ணிட்டாங்களே, அந்த ஆபீஸ் படிக்கட்டு இறங்குறப்போ அதுதான் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் பார்பரா லோடன் பத்தி தேடித்தேடி படிச்சேன். அமெரிக்கக்காரங்க, மேடையில நடிச்சு 1964ல டோனி அவார்டு வாங்கினவங்க. பேங்க் கொள்ளையில மாட்டின ஒரு பொம்பளை, ஜெயில் தண்டனை குடுத்த ஜட்ஜுக்கே நன்றி சொன்னாங்கற பேப்பர் செய்தியைப் படிச்சு அது மனசை விட்டுப் போகாம, அதுலேர்ந்து வாண்டான்னு ஒரு படத்துக்கு கதை எழுதி தானே நடிச்சு தானே டைரக்ட் பண்ணி 1970ல வெனிஸ் திரைப்பட விழா வரைக்கும் கொண்டு போய் பரிசும் வாங்கினாங்க. ஹாலிவுட் ஸ்டுடியோ செட் எதுவும் கிடையாது, 16 எம்எம் கேமரா, அவங்களோட சேர்த்து மொத்த யூனிட்டே நாலு பேர்தான். கேமரா பிடிச்ச நிக்கோலஸ் ப்ரோஃபெரஸ்தான் எடிட்டிங்கும்.

அதுல ஆரம்பத்துல ஒரு ஷாட் வரும், பென்சில்வேனியா நிலக்கரி மேட்டுல வெள்ளை டிரஸ் போட்ட அவங்க ஒரு புள்ளி மாதிரி நடந்து போயிட்டே இருப்பாங்க, கேமரா எங்கயோ தூரத்துல நின்னு கூடவே திரும்பும். பார்க்குற எனக்கே மூச்சு முட்டுச்சு, எவ்ளோ நேரம் நடக்குறாங்க! அவ்ளோ தூரத்துலேர்ந்து அவங்களால ஃப்ரேமைப் பார்த்திருக்கவே முடியாது, கேமராகிட்ட நிக்குற ஆளை நம்பிட்டு நடந்திருக்காங்க, அவ்ளோதான். இந்த ஷாட்டை நான் பல தடவை பார்த்திருக்கேன், இது எனக்குச் சொல்ற விஷயம் திண்டிவனத்துல அந்த ராத்திரிதான் உறைச்சுது.

அவங்களுக்கு இன்னொரு முழுநீளப் படம் எடுக்க வாய்ப்பே அமையல, 1980ல 48 வயசுல கேன்சர்ல போயிட்டாங்க. இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் கோவம் வரும். வாண்டாவோட நெகட்டிவ் தப்பிச்சு, 2010ல யூசிஎல்ஏ ஆர்கைவ், அதான் அமெரிக்க யுனிவர்சிட்டி ஒண்ணோட பழைய பட சேமிப்பகம், அதைச் சரிபண்ணி வெளிய கொண்டு வந்ததாலதான் நமக்கெல்லாம் பார்க்கக் கிடைச்சுது.

அன்னைக்கு ராத்திரி நான் கேமரா பண்ற பொண்ணுகிட்ட சொன்னேன், "கட் நீயே சொல்லு, எப்ப வேணும்னாலும் சொல்லு, நான் மானிட்டர் பக்கமே வரமாட்டேன்". அவ பயந்துட்டா, தப்பாச்சுன்னா என்ன பண்றதுன்னு கேட்டா. தப்பானா இன்னொரு தடவை அரிசி களையுறேன்டின்னேன். ஏழாவது டேக்ல அவ சீக்கிரம் கட் சொல்லிட்டா. எட்டாவதுல போன் பேசி முடிச்சு கீழ வச்சுட்டேன், வசனம் முடிஞ்சிருச்சு, கட் வரல. தண்ணியை வடிச்சேன், திரும்ப ஊத்தினேன், இன்னும் வரல. மூணாவது தண்ணி தெளிஞ்சு அரிசி ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது, அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு, யாரு பார்க்குறாங்க எங்க லைட் இருக்கு எதுவும் தெரியல. எடிட்ல போன் பேசுறதைத் தூக்கிட்டோம், அந்த மூணு தண்ணி மட்டும் வச்சிருக்கோம்.