இரண்டரை மீட்டர் வட்டம்: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் ஃப்ளாஷ் பழகிய ஆறு வாரங்கள்

எப்சன் ஆர்-டி1 என்னும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் (வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு உருவங்களைக் கையால் ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் வகை) தலையில் ஃப்ளாஷைப் பொருத்துவதை நெடுநாள் தவிர்த்தே வந்தேன். கிடைக்கிற வெளிச்சத்தில் எடுப்பதுதான் ரேஞ்ச்ஃபைண்டருக்கு அழகு என்று மனத்தில் ஊறிப்போயிருந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் கூடும் மாலைகளில் அந்தக் கொள்கை நிற்கவில்லை. 2004-இல் வந்த 6 மெகாபிக்சல் கேமரா இது. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போகாது. அந்த உச்சத்திலும் மாலை விளக்கொளியில் 1/15 வினாடிதான் கிடைக்கும். அக்காவின் மகள் ஐந்து வயதுக்காரி; 1/15 வினாடிக்குள் அவள் சோபாவின் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போயிருப்பாள். இரண்டு வருடப் படங்களைப் புரட்டிப் பார்த்தபோது அவள் முகம் தெளிவாக விழுந்த படங்களை விரல்விட்டு எண்ண முடிந்தது. அன்றுதான் அலமாரியிலிருந்த பழைய ஃப்ளாஷை வெளியே எடுத்தேன்.

பொருத்துவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றில் அடிப்பகுதியின் நடு முனையில் 200 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் இருக்கும். அது டிஜிட்டல் கேமராவின் மின்சுற்றைக் கெடுத்துவிடலாம். ஃப்ளாஷை முழுதாக மின்னேற்றி, நடு முனைக்கும் பக்கத்து உலோகத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 6 வோல்ட்டுக்கும் குறைவு. நிம்மதியாகப் பொருத்தினேன்.

இந்தக் கேமராவுக்கும் ஃப்ளாஷுக்கும் இடையே ஒரே ஒரு பேச்சுதான் நடக்கிறது: ‘இப்போது அடி’. லென்ஸின் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவு, என்ன என்று கேமராவுக்கே தெரியாது. அதை மாற்றும் வளையத்துக்கும் கேமராவின் உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. பிறகு வந்த வேறு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்களில் டிடிஎல் உண்டு. முன்னோட்டமாக ஒரு சிறு ஒளியை வீசி, லென்ஸ் வழியே வரும் அளவைப் பார்த்து, பிறகு முழு ஒளியை விடுவார்கள். என்னிடம் அது இல்லை. ஃப்ளாஷ் தானே அளந்துகொள்ளும் ‘ஏ’ நிலையும், நான் அளந்து சொல்லும் ‘எம்’ நிலையும் மட்டுமே எனக்கு உண்டு. இது குறை என்றுதான் தொடங்கினேன்.

முதல் வாரம் முழுக்க ‘ஏ’ நிலை. இதன் வேலை மிக எளிமையானது, எனக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஃப்ளாஷின் முன்பக்கத்தில் பொட்டு அளவுக்கு ஒரு சிறு கண் இருக்கிறது. ஒளி புறப்பட்டுப் போய், ஆளின் மேல் பட்டுத் திரும்பி வருவதை அந்தக் கண் சேர்த்துக்கொண்டே வருகிறது. போதும் என்ற அளவை எட்டியதும் தைரிஸ்டர் என்ற மின் சுவிட்ச் ஒளியைத் துண்டித்துவிடுகிறது. இத்தனையும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள். மிச்சமான மின்சாரம் வீணாகாமல் மின்தேக்கியிலேயே தங்குவதால் அடுத்த படத்துக்கு ஃப்ளாஷ் விரைவில் தயாராகிறது. தைரிஸ்டருக்கு முந்தைய தானியங்கி ஃப்ளாஷ்கள் அந்த மிச்சத்தை வேறொரு குழாயில் கொட்டித் தீர்த்தன.

நான் செய்ய வேண்டியவை: ஃப்ளாஷில் ஐஎஸ்ஓ 200 என்று வைப்பது, எஃப்/5.6 என்று வைப்பது, லென்ஸிலும் அதே எஃப்/5.6-ஐத் திருப்புவது. கடைசியாகச் சொன்னதை முதல் நாளே மறந்தேன். லென்ஸ் எஃப்/2.8-இல் கிடந்தது; எண் சிறிதானால் துளை பெரிது. இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளி (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). அக்காவின் நெற்றியும் கன்னமும் வெள்ளைத் தாளாகிவிட்டன. இப்போது பையிலிருந்து கேமராவை எடுத்ததும் கை முதலில் அபர்ச்சர் வளையத்துக்குத்தான் போகிறது.

சரியாக வைத்த பிறகு அக்காவை 2 மீட்டரிலும் 3 மீட்டரிலும் 4 மீட்டரிலும் உட்காரவைத்து எடுத்தேன். பின்னால் புத்தக அலமாரி. 2 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குப் போனால் ஆளின் மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதாவது இரண்டு ஸ்டாப். ஆனால் மூன்று படங்களிலும் முகத்தின் வெளிச்சம் ஒன்றுபோலவே இருந்தது. குழந்தை ஓடிவரும்போதும் திரும்பி ஓடும்போதும் எடுக்க இதைவிட நல்ல துணை கிடையாது.

அதே அக்காவை வெள்ளைச் சுவரை ஒட்டி நிற்கவைத்ததும் கதை மாறியது. சுவரிலிருந்து திரும்பிய ஒளியைப் பார்த்து, போதும் என்று கண் முடிவுகட்டிவிட்டது. முகம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருண்டது. கறுப்புக் கோட்டு போட்ட அப்பாவை எடுத்தபோது நேர் எதிர்: முகம் வெளுத்தது. லென்ஸை ஒரு ஸ்டாப் திறப்பது அல்லது மூடுவது என்ற பழைய வழி இதற்குப் போதுமானது. ஆனால் மூன்றாவது ஒரு சிக்கல்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. கதவோரம் நின்று, அறைக்குள் இருப்பவர்களை எடுத்தேன். பளபளப்பான வெள்ளைக் கதவுச் சட்டம் ஃப்ளாஷிலிருந்து ஒரு முழம் தூரத்தில்கூட இல்லை. படச் சட்டகத்தில் அது விழவேயில்லை, ஆனால் ஃப்ளாஷின் கண்ணில் விழுந்தது. ஏழெட்டுப் படங்கள் இருட்டு. லென்ஸ் பார்ப்பதையும் ஃப்ளாஷின் கண் பார்ப்பதையும் ஒன்றென்று நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தனிப் பார்வை, தனிக் கோணம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு படத்தின் நீண்ட ஓரம் முழுவதும் கறுப்புப் பட்டையாக வந்தது. ஷட்டர் வளையம் 1/250-க்கு நகர்ந்திருந்தது. இந்தக் கேமராவின் ஒத்திசைவு வேகம் 1/125. அதைத் தாண்டினால் ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் கணமே இல்லை. ஒளி விழும்போது ஒரு பகுதியை ஷட்டரின் திரை மறைத்திருக்கும். திரை மேலும் கீழுமாக ஓடுவதால் பட்டை நீளவாக்கில் விழுகிறது.

பிறகு ‘எம்’ நிலைக்கு வந்தேன். இங்கேதான் ரேஞ்ச்ஃபைண்டர் தன் குணத்தைக் காட்டியது.

கணக்கு பழையது: ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு எண்ணை மீட்டர் தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர். ஃப்ளாஷின் கையேடு ஐஎஸ்ஓ 100-க்கு 36 என்கிறது. ஐஎஸ்ஓ 200-க்கு அதை 1.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 51. அந்த எண்ணை நம்பி எடுத்த படங்கள் எல்லாம் இருட்டாகவே வந்தன. எனவே நானே அளந்தேன். சாம்பல் நிற அட்டை ஒன்றைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, டேப்பால் சரியாக 3 மீட்டர் அளந்து, கால் சக்தியில் வரிசையாக எடுத்தேன். கால் சக்தியில் கைடு எண் பாதியாகும் என்பதால், கணக்குப்படி எஃப்/8.5 சரியாக இருக்க வேண்டும். எஃப்/8-இல் அட்டை இருண்டிருந்தது, எஃப்/5.6-இல் வெளுத்தது, இரண்டுக்கும் நடுவே உள்ள அரைக் கிளிக்கில், அதாவது எஃப்/6.7-இல், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் குன்று நடுவில் வந்து நின்றது. 6.7-ஐ 3-ஆல் பெருக்கினால் 20. கால் சக்திக்கு 20 என்றால் முழுச் சக்திக்கு 40.

இந்த 40 எனக்குக் கிடைத்த பெரும் பரிசு. முழுச் சக்திக்கு 40, அரைக்கு 28, காலுக்கு 20, 1/8-க்கு 14, 1/16-க்கு 10, 1/32-க்கு 7. லென்ஸின் அபர்ச்சர் எண்களோடு அப்படியே பொருந்தும் வரிசை. ஒரு சிறு காகிதத்தில் எழுதி ஃப்ளாஷின் முதுகில் ஒட்டினேன். மூன்று நாளில் மனப்பாடமாகிவிட்டது.

தூரத்தை யார் சொல்வது? லென்ஸே சொல்கிறது. வியூஃபைண்டரில் இரண்டு உருவங்களும் ஒன்று சேர்ந்ததும் கேமராவைச் சற்றே தாழ்த்தி லென்ஸின் மேல்பக்கத்தைப் பார்த்தால் மீட்டர் எண் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. தானியங்கி ஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் இந்த எண்ணே கிடையாது, இருந்தாலும் நெருக்கியடித்து இருக்கும். இதிலோ 1.5, 2, 3 எல்லாம் நல்ல இடைவெளி விட்டு நிற்கின்றன. ஃபோகஸ் செய்யும் செயலே ஃப்ளாஷுக்கான அளவையும் தந்துவிடுகிறது. வெள்ளைச் சுவரும் கறுப்புக் கோட்டும் இப்போது என்னை ஏமாற்ற முடியாது. மூன்று மீட்டர் என்றால் மூன்று மீட்டர்தான்.

நான்காம் வாரத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். 35 மில்லிமீட்டர் லென்ஸை 2.5 மீட்டரில் நிறுத்தி, எஃப்/8-இல் வைத்து, ஃப்ளாஷைக் கால் சக்தியில் விட்டேன். இருபதை எட்டால் வகுத்தால் இரண்டரை, ஒளி சரி. இந்தச் சிறிய சென்சருக்கு ஃபோகஸ் ஆழத்தை, அதாவது தெளிவாக விழும் தூர எல்லையை, கணக்கிட்டால் ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 3.7 மீட்டர் வரை வருகிறது. (லென்ஸில் இருக்கும் ஆழக் கோடுகள் பெரிய ஃபிலிம் சட்டகத்துக்குப் போட்டவை. எஃப்/8 வைத்தால் எஃப்/5.6 கோடுகளைப் பார்க்கிறேன்.) ஒளியின் கணக்கையும் போட்டேன். 1.8 மீட்டருக்கு வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதல், 3.5 மீட்டருக்குப் போனால் ஒரு ஸ்டாப் குறைவு. சென்சரின் பதிவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுப்பதால் ஒரு ஸ்டாப் வரை என்னால் சீராக்கிக்கொள்ள முடியும். கூடுதல் பக்கம்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஃபோகஸ் ஆழமும் ஒளி எல்லையும் ஏறக்குறைய ஒரே வட்டத்தில் வந்து சேர்கின்றன! இந்த வட்டத்துக்குள் யார் வந்தாலும் ஃபோகஸ் வளையத்தைத் தொட வேண்டாம், ஃப்ளாஷைத் தொட வேண்டாம். அன்று இரவு முழுக்க நாற்காலிகளை நகர்த்தி நகர்த்திச் சோதித்துப் பார்த்தேன்.

முழுச் சக்தியை மட்டும் கூடியவரை தவிர்க்கிறேன். தயார் விளக்கு எரிந்த உடனே அழுத்தினால் படம் சற்று இருட்டாகிறது. முழுதாக மின்னேறுவதற்கு முன்பே அந்த விளக்கு எரிந்துவிடுகிறது. எரிந்த பிறகும் சில வினாடிகள் பொறுக்க வேண்டும். 1/16-இல் இந்தத் தொல்லை இல்லை. இந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் பெருவிரலால் நெம்புகோலை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் ஃப்ளாஷ் தயாராகிவிடுகிறது.

வேறெந்தக் கேமராவிலும் நான் அனுபவிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். லென்ஸ் வழியே வரும் உருவத்தைக் கண்ணாடியால் காட்டும் எஸ்எல்ஆரில், ஃப்ளாஷ் அடிக்கும் கணத்தில் கண்ணாடி மேலே போயிருக்கும், வியூஃபைண்டர் இருட்டு. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கணத்தை நேரில் பார்க்கிறேன். இந்தக் கேமராவின் வியூஃபைண்டர் உருவத்தைச் சிறிதாக்காமல் உள்ள அளவிலேயே காட்டுவதால் இரண்டு கண்களையும் திறந்துவைத்து எடுக்கலாம். ஒளி விழும்போது எதிரே இருப்பவரின் முகம் ஒரு வெள்ளைச் செதுக்கலாய் உறைந்து நிற்கிறது: மூக்குக் கண்ணாடியில் ஒரு புள்ளி, உதட்டோரத்தில் பாதி தொடங்கிய சிரிப்பு, இமை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது வரை. “கண்ணை மூடிவிட்டேனா?” என்று அப்பா ஒவ்வொரு படத்துக்கும் கேட்பார். திரையைப் பார்க்காமலே “இல்லை அப்பா, திறந்துதான் இருந்தது” என்று சொல்ல முடிகிறது. முன்னோட்ட ஒளி இல்லாததும் இங்கே நன்மையே. அந்த முதல் மினுக்கத்துக்கே இமைத்துவிடுகிறவர்கள் உண்டு. இங்கே ஒரே ஒளி, இமை இறங்குவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

நேர் ஒளி முகத்தைத் தட்டையாக்குவதால் ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பி, வெண்மையான உட்கூரையில் அடித்துத் திரும்பவைத்தும் பார்த்தேன். இங்கே தூரக் கணக்கு உடைந்துபோகிறது, ‘ஏ’ நிலை மறுபடியும் உயர்கிறது. தலை மேலே பார்த்தாலும் கண் ஆளையேதான் பார்க்கிறது; எந்த வழியாக வந்தாலும் வந்த ஒளியைத்தான் அளக்கிறது. எஃப்/8-இல் ஒளி போதவில்லை, ஒளி போதும் என்று காட்டும் ஃப்ளாஷின் விளக்கு எரியாமல் இருந்தது; எஃப்/4-இல் எரிந்தது. ஆரஞ்சு நிற ஜெல்லை (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஃப்ளாஷில் ஒட்டினால் அறை விளக்கோடு நிறம் இயைகிறது. ஷட்டரை 1/15-க்கு இறக்கினால் பின்னணியின் வெதுவெதுப்பும் படத்தில் வந்து சேர்கிறது, ஏனென்றால் ஷட்டர் வேகம் அறை வெளிச்சத்தைத்தான் மாற்றும், ஃப்ளாஷ் ஒளியைத் தொடாது. ஜெல் ஒளியைத் தின்பதை ‘ஏ’ தானே ஈடுகட்டுகிறது, ஜெல் அந்தக் கண்ணை மறைக்காதவரை. ‘எம்’ நிலையில் அரை ஸ்டாப்புக்கு மேல் நானே திறக்க வேண்டும்.

வெயிலில் நிழல் நிரப்பவும் ஒரு நாள் முயன்றேன். 1/125-ஐத் தாண்ட முடியாததால் எஃப்/16-க்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே என் 40 முழுச் சக்தியிலும் 2.5 மீட்டர்தான் எட்டுகிறது. லென்ஸ் எஃப்/16-இல் இருக்க, ஃப்ளாஷிடம் எஃப்/11 என்று சொன்னால் ஒரு ஸ்டாப் குறைத்து அடிக்கும், நிழல் இயல்பாக நிறையும். அதற்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது என் கை தேர்ந்தெடுக்கும் விதம் இதுதான்: ஆள் நகர்கிறார், பின்னணி கலவையானது என்றால் ‘ஏ’. தூரம் நிலையானது, சுவரும் உடையும் மாறிக்கொண்டிருக்கின்றன என்றால் ‘எம்’.

போன ஞாயிறு மாலை மறுபடியும் எல்லோரும் கூடினார்கள். 2.5 மீட்டர், எஃப்/8, கால் சக்தி என்று வைத்து, கேமராவின் திரையை உட்பக்கமாகத் திருப்பி மூடிவிட்டேன். 43 படங்கள் எடுத்தேன். குழந்தை நெருங்கி வந்தால் நான் ஓர் அடி பின்னால் போனேன், விலகினால் ஓர் அடி முன்னால் போனேன். எல்லோரும் போன பிறகுதான் திரையைத் திறந்தேன். ஆறு படங்கள் வட்டத்துக்கு வெளியே விழுந்திருந்தன. இருபத்தோராவது படத்தில் அவள் சோபாவின் கையிலிருந்து குதிக்கிறாள். இரண்டு பாதங்களும் காற்றில், முடி மேல்நோக்கி, பின்னால் வெள்ளைச் சுவர். முகத்தில் ஒளி மிகச் சரியாக இருக்கிறது.

அடுத்த வேலை, ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து கேமராவோடு இணைக்கும் ஒரு மின்கம்பியோடு இடது கையில் பிடிப்பது. கம்பி வந்துவிட்டது. அப்போது தூரத்தை லென்ஸிலிருந்து அல்ல, ஃப்ளாஷிலிருந்து அளக்க வேண்டும். கையை நீட்டினால் எத்தனை சென்டிமீட்டர் என்று நாளை டேப்பை எடுத்துப் பார்க்கப்போகிறேன்.