மூடுபனியில் படப் பயிற்சி

போயா (முழுநிலா நாள்) விடுமுறைகளில் இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கம் ஒன்றாகப் படமெடுக்கப் போகும் எங்கள் நண்பர்களிடம் நான் மிகவும் மதிப்பது, திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் அமர்ந்து ஒருவர் படத்தை மற்றவர் ஒளிவுமறைவின்றி விமர்சிக்கும் அந்த நேரத்தைத்தான். வெறும் பாராட்டைக் கேட்டு யாருடைய கையும் தேறுவதில்லை. "கொழுந்து பறிக்கும் அக்காவின் விரல்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன, ஆனால் கூடைக் கயிறு நெற்றியில் அழுந்தும் இடத்தை ஏன் வெட்டிவிட்டாய் தம்பி?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டதும், அடுத்த முறை எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தத் தம்பிக்கு விளங்கிவிட்டது. (பறிப்பவர்களிடம் முதலில் அனுமதி கேட்பதும் எங்கள் பயிற்சியில் சேர்ந்ததே.)

வெண்மை நிறைந்த காட்சியைக் கமராவின் ஒளிமானி (வெளிச்சத்தை அளக்கும் பகுதி) சாம்பல் நிறமாக்கவே முயலும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி கூட்டினால்தான் மூடுபனி உள்ளபடி தெரியும். தலவாக்கலைக்கு அருகிலுள்ள டெவோன் நீர்வீழ்ச்சி பட்டிழைபோல் படத்தில் விழ வேண்டுமானால், வெளிச்சம் குறைந்த காலையில் கமராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/4 விநாடி என்று வைத்துப் பார்க்கலாம். புதுப்புது இடங்களைத் தேடி ஓடுவதைவிட, ஒரே மலைக்கு வெவ்வேறு வெளிச்சத்தில் போவதே அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த போயாவுக்கு வர விரும்புவோர் அறியத் தாருங்கள்; சரியாக வராத படங்களையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள்.