ஊதா வாரங்கள்: யாங்கோனில் ஒரு துணிக்கடைக்காரியின் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காத்திருப்பான திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. சாமியாருக்கு ஊதா அங்கி. 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடவில்லை. ஞாயிறு பூசைகளில் இனி அது கிறிஸ்துமஸ் வரை இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் வாரத்துக்கு ஒன்றாக நாலு மெழுகுவர்த்தி செருகிய வளையம் வைத்து முதலாவதை ஏற்றினார்கள்.

நற்செய்தி லூக்கா 21. குடிவெறி, களியாட்டம், இவ்வுலகக் கவலைகள் இவற்றால் உங்கள் உள்ளம் மந்தமாகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் இயேசு. முதல் இரண்டும் எனக்கில்லை என்று நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வந்து உட்கார்ந்தது. கவலையைக் குடியோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார் பாருங்கள். கடை வாடகை, சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, ஜெனரேட்டர் டீசல் என்று பூசை நடுவிலும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்த மாதம் வந்தால்தான் உண்டு.

டிசம்பர் 2, திங்கள்

கடையில் வேலை செய்யும் கரேன் இனப் பெண் தூக்கக் கண்ணோடு வந்தாள். "ஸ்வீட் டிசம்பர், அக்கா!" அவர்கள் பாப்டிஸ்டு சபையினர், எங்களைப் போலக் கத்தோலிக்கர் இல்லை. நவம்பர் கடைசி இரவு கூடிப் பாடி, டிசம்பர் பிறந்ததும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்வது இங்கே மியான்மர் கிறிஸ்தவர்களிடம் உள்ள வழக்கம். இந்த வருடம் அது எங்கள் முதல் ஞாயிறோடு சேர்ந்துவிட்டது. எங்களுக்கு ஊதா, அவளுக்கு ஒன்றாம் தேதியிலிருந்தே சிவப்பு.

"நாலு வாரம் கழிச்சுத்தான் சந்தோஷப்படணுமா அக்கா?" என்றாள். சரியான கேள்விதான். கல்யாண வீட்டில் பந்தல் போடும்போதே சந்தோஷம் வந்துவிடும், ஆனால் பந்தி மாப்பிள்ளை வந்த பிறகுதான் என்றேன். ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அவளைப் பார்த்தால் காத்திருக்காதவள் என்று சொல்லவும் முடியாது. தம்பி மலேசியா போனதிலிருந்து போன் மணி அடித்தாலே எழுந்து ஓடுகிறாள்.

டிசம்பர் 9, திங்கள்

அமல உற்பவ அன்னை திருநாள், மரியா பாவமின்றிக் கருவானதை நினைக்கும் நாள். நேற்று எட்டாம் தேதி ஞாயிறு ஆகிவிட்டதால் இன்றைக்குத் தள்ளினார்கள். மாலையில் போ ஆங் ஜோ தெருவிலுள்ள பேராலயத்துக்குப் போய் வந்தேன். கட்டி முடிக்கப் பல வருடம் பிடித்த கோயில் அது. அஸ்திவாரம் தோண்டியதைப் பார்த்த பெரியவர்களில் எத்தனை பேர் முதல் பூசை பார்த்தார்களோ.

இரவு பழைய மறைக்கல்விக் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் தூர் நகரின் ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரம் 3 நாள் நோன்பு இருக்கச் சொன்னாராம். நான்கு ஞாயிறு என்று சுருங்கியது பிறகுதான். மார்ட்டின் திருநாள் என்றைக்கு? நவம்பர் 11. கொழுந்தனாரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். 11.11 என்றால் அவருக்கு ஆன்லைன் தள்ளுபடி நாள். நோன்பு தொடங்கிய அதே தேதியில் இன்று உலகம் கார்டைத் தேய்க்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

கிறிஸ்துமஸ் குடிலில் புல்லாக வைக்க நெல் போட்டாச்சு. பிளாஸ்டிக் புல் எங்கள் சந்தையிலேயே முழக்கணக்கில் கிடைக்கிறது, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அம்மா செய்தது போலவே ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வாய் திறந்ததும் பிஸ்கட் டின் மூடிகளில் மண் பரப்பித் தூவினேன். ஓரத்தில் கொஞ்சம் கடுகு. இருட்டில் வைத்தால் சீக்கிரம் நெட்டையாக வளரும், ஆனால் வெளுத்து மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். ஜன்னலோரம் வைத்தால் மெதுவாகத்தான் வரும், பச்சையாக நிமிர்ந்து நிற்கும். தினமும் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. பேரன் காலையும் மாலையும் விரலால் கிளறிப் பார்த்துவிட்டு "இன்னும் வரலை" என்று அறிக்கை கொடுக்கிறான். கையில் ஒரு அடி போடலாம் என்றிருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. ரோஜா நிற மெழுகுவர்த்தி.

நற்செய்தியில் திருமுழுக்கு யோவான். கூட்டம் அவரிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. ஒட்டக மயிராடையும் வெட்டுக்கிளிச் சாப்பாடுமாகப் பாலைநிலத்தில் இருக்கிற மனிதர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு வாருங்கள் என்பார் என்றுதானே நினைப்போம்? அவர் சொல்வது அதுவல்ல. இரண்டு அங்கி வைத்திருந்தால் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடு. வரிதண்டுவோருக்கு, விதித்ததற்கு மேல் வாங்காதே. சுங்கச்சாவடியை மூடு என்று சொல்லவே இல்லை! படைவீரரும் கேட்கிறார்கள். யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள் என்கிறார். அந்த வரிக்கு மறையுரையில் விளக்கம் வரவில்லை. இந்த ஊரில் தேவையும் இல்லை.

வணிகம் கிறிஸ்துமஸைக் கெடுத்துவிட்டது என்று வருடா வருடம் கேட்கிறேன். கேட்டுவிட்டு வெளியே வந்தால் பாடகர் குழுவுக்குச் சீருடைத் துணி எவ்வளவு குறைப்பீர்கள் என்று என்னிடமே விசாரிப்பார்கள். யோவானின் பேச்சு அப்படி இல்லை. வாங்கவும் வேண்டாம் விற்கவும் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டால் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 16, திங்கள்

சோதனை மறுநாளே வந்தது. வலைத்துணி வைத்த, இடுப்பில் சாட்டின் ரிப்பன் கட்டிய சிறுமிகள் கவுன் 35,000 கியாட். கொழுந்தனார் புது டேக் கட்டு வாங்கி வந்திருந்தார். "அண்ணி, 45,000 போட்டு அடிச்சுட்டு 35,000 எழுதுவோம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். நாம ஒரு காசு கூடுதலா வாங்கலையே?"

வாங்கவில்லைதான். யோவான் சொன்னது அப்படியே நிற்கிறது. ஆனாலும் பத்தாயிரம் மிச்சம் என்று ஒரு தாய் வீட்டில் போய்ப் புருஷனிடம் சந்தோஷமாகச் சொல்வாள், அந்தப் பத்தாயிரம் எங்குமே இல்லை. வேண்டாம் என்றேன். "சாமியாரா யாவாரம் பண்றார்?" என்று முணுமுணுத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டிசம்பர் 19, வியாழன்

கரண்ட் இல்லை. கூட்டம். ஜெனரேட்டர் இரைச்சலில் விலை சொல்லியே தொண்டை போயிற்று. செபம் சொல்ல உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

நாலு திரியும் எரிகின்றன. எலிசபெத்தைப் பார்க்க மரியா விரைந்து போன பகுதி இன்றைக்கு. வயிற்றில் பிள்ளையோடு மலைநாட்டுக்கு நடை. காத்திருப்பது என்றால் உட்கார்ந்திருப்பது என்று யார் சொன்னது?

புனித பெர்நார்து சொன்ன மூன்று வருகைகளைச் சாமியார் விளக்கினார். மாட்டுக் கொட்டிலில் ஒன்று, உலக முடிவில் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் மனிதருக்குள் நடப்பது ஒன்று. கடைகள் விற்பதெல்லாம் முதலாவதை மட்டும்தான். இரண்டாவது பயமுறுத்தும், விலை போகாது. மூன்றாவதை எந்தப் பெட்டியில் போட்டுக் கட்டுவது?

பூசை முடிந்து ஒரு வேலை பாக்கி இருந்தது. எனக்கு இரண்டு கம்பளிச் சால்வை. யாங்கோன் குளிருக்கு ஒன்றே அதிகம். இரண்டாவதை மூன்றாம் மாடிப் பாட்டியிடம் கொடுத்தேன். அண்ணன் 1964இல் மெட்ராஸுக்குக் கப்பலேறியதிலிருந்து தனியாக இருப்பவர். "நிறம் எனக்குப் பிடிக்கலடி" என்றார். ஆனால் போர்த்திக்கொண்டார்.

டிசம்பர் 23, திங்கள்

நெல் ஒரு சாண் வந்துவிட்டது. குடிலில் மாட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். தீவனம் காலி என்று பேரன் சொல்கிறான்.

கொழுந்தனார் அடுத்த யோசனையோடு வந்தார். 26ஆம் தேதி நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு 'புத்தாண்டுத் தள்ளுபடி' பேனர் கட்ட வேண்டுமாம். நமக்குக் கிறிஸ்துமஸ் காலம் தொடங்குவதே 24ஆம் தேதி இரவில்தான், ஆண்டவரின் திருமுழுக்கு விழா ஜனவரி 12, அதுவரை குடிலும் நட்சத்திரமும் இருக்கும் என்றேன். கடைசியில் பேனர் ஷட்டருக்கு மேலே, நட்சத்திரம் வாசலில் என்று பேசி முடித்தோம். தள்ளுபடி உண்மையான தள்ளுபடியாக இருக்க வேண்டும், எத்தனை சதவீதம் என்பதை நான்தான் சொல்வேன். நாளை இரவுப் பூசையை மாலையிலேயே வைத்திருக்கிறார்கள், கடையை மூன்று மணிக்கு அடைக்க வேண்டும்.